மாலை ஆறரைக்குப் பிறகு விழும் ட்ரிப் சுவிட்ச்

எங்கள் வீடு திருகோணமலை அலஸ்தோட்டத்தில், கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. கணவர் கத்தாரில் வேலை செய்கிறார். வீட்டில் அம்மா, நான், பிள்ளைகள் இருவர். நான் கேக் செய்து கொடுத்து வீட்டுச் செலவில் ஒரு பங்கைப் பார்த்துக்கொள்கிறேன். 2022 இல் எரிவாயு சிலிண்டருக்காக மணிக்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், இனி இது சரிவராது என்று, வெளிநாடு போகவிருந்த ஒரு குடும்பத்திடம் மின்சாரக் குக்கர் ஒன்றை வாங்கினேன். மேலே இரண்டு தட்டுகள், கீழே ஒவன். வீடு கட்டும்போதே குக்கருக்கென்று தனி லைன் போட்டிருந்தோம். 6 சதுர மில்லிமீட்டர் வயர், 32 அம்பியர் பிரேக்கர், குசினிச் சுவரில் பெரிய குக்கர் சுவிட்ச். ஒன்றரை வருடம் ஒரு குறையும் சொல்ல முடியாமல் ஓடியது. 2023 ஐப்பசியில் தொடங்கிய கரைச்சல் முடிய ஐந்து வாரங்கள் எடுத்தன. அந்த ஐந்து வாரங்களில் யாராவது ஒருவர் என்னிடம் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நவராத்திரி முடிந்த வாரம். நல்ல மழை. இரவு ஏழு மணிக்கு ஒவனில் ஒரு பட்டர் கேக் வெந்துகொண்டிருக்கும்போது, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீடு முழுவதும் இருண்டது. தூக்கிவிட்டேன், உடனே விழுந்தது. குக்கர் சுவிட்சை அணைத்துவிட்டுத் தூக்கினேன், நின்றது. பத்து நிமிடம் கழித்து மகள் பள்ளிச் சீருடையை அழுத்துவதற்கு அயன் பெட்டியைப் போட்டாள், மறுபடியும் விழுந்தது. கேக் நடுவில் இறங்கிவிட்டது. அடுத்த நாள் காலையில் ஒவன், அயன் பெட்டி, தண்ணீர் மோட்டார் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. மாலையில் திரும்பவும் அதே கதை. கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: உப்புக் காற்று, மழை ஈரம். எங்கள் ஊரில் இரும்பு எதுவும் நிலைக்காது என்பது உண்மை. ஆனால் அந்த ஒரு காரணத்தை எல்லாவற்றுக்கும் சொல்லிப் பழகிவிட்டதால் அதற்கு அப்பால் யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

முதலில் வந்த எலக்ட்ரீசியன் காலை பத்து மணிக்கு வந்தார். நான் சொன்னதைப் பாதி கேட்டவுடனேயே ஒவனின் ஹீட்டர் கம்பி ஈரம் குடித்திருக்கும் என்றார். அவர் சொன்னது பொய்யும் அல்ல. அந்தக் கம்பிக்குள் இருக்கும் வெள்ளை மாவு போன்ற பொருள் ஈரத்தை இழுக்கக்கூடியது. நாள்பட்ட கம்பிகளில் அது மின்கசிவை உண்டாக்குவதுண்டு. ஆனால் அவர் எதையும் அளந்து பார்க்கவில்லை. புதுக் கம்பிக்கு 7,800 ரூபாய், கூலி 3,000. மாட்டியபின் அரை மணி நேரம் ஒவனைப் போட்டுக் காட்டினார், விழவில்லை. அன்று மாலை ஏழேகாலுக்கு விழுந்தது. இரண்டாவது ஆள் வந்ததும் பகலில்தான். ட்ரிப் சுவிட்ச் பழசாகிவிட்டது, அதனால்தான் சும்மா சும்மா விழுகிறது என்றார். புது சுவிட்ச் 9,500, கூலி 2,500. அவர் நின்ற நேரம் முழுவதும் விழவில்லை. புதுசும் மாலையில் விழுந்தபோது நான் குசினித் தரையில் உட்கார்ந்து அழுதேன். அம்மா ஒன்றும் பேசாமல் மெழுகுதிரியை ஏற்றி வைத்துவிட்டுப் போனார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழுது எந்த நேரத்தில் தெரிகிறதோ அந்த நேரத்துக்கே ஆளைக் கூப்பிடுங்கள். மாலையில் வர முடியாது என்றால் வேறு ஆளைப் பாருங்கள். பகலில் வந்து, பகலில் மாற்றி, பகலிலேயே ஓடவிட்டுக் காட்டிவிட்டுப் போனதை நம்பி இரண்டு முறை காசு கொடுத்தேன். அதேபோல, அளக்காமல் பொருளை மாற்றும் ஆளுக்குக் காசு கொடுக்காதீர்கள். மீற்றரை வைத்துக் காட்டி “இதனால்தான் மாற்றுகிறேன்” என்று சொல்லட்டும், அதன்பிறகு மாற்றலாம்.

அந்த ஆண்டு நவம்பர் 12 தீபாவளி. பதினான்கு ஓடர்கள் எடுத்திருந்தேன். பகலில் சுட்டுத் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். மழை கடுமையான நாட்களில் பகலிலும் விழத் தொடங்கியது. ஐந்து கேக்குகளைத்தான் கொடுக்க முடிந்தது. ஒன்பது பேருக்குத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டு முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 31,000 ரூபாய் வருமானம் போனது. அதைவிட வலித்தது, மூன்று வருடமாக என்னிடமே வாங்கிக்கொண்டிருந்த ஒரு அக்கா “பரவாயில்லை தங்கச்சி, வேறு இடத்தில் எடுத்துக்கொள்கிறேன்” என்று மெதுவாகச் சொன்னதுதான்.

அந்த மனநிலையில்தான் மூன்றாவது ஆள் வந்தார். அவர் ஒருவர்தான் பிரச்சினை குக்கர் லைனில் இருக்கலாம் என்று சொன்னார். ஆனால் பழுதைத் தேடாமல் ஒரு குறுக்கு வழி செய்தார். குக்கர் லைனை ட்ரிப் சுவிட்சுக்கு முன்பாகவே நேரடியாக இணைத்துவிட்டார். 4,000 ரூபாய். அதன்பிறகு மாலையிலும் விழவில்லை. நான் நிம்மதியாகத் தூங்கினேன். பதினொரு நாட்கள் வீட்டை அப்படியே வைத்திருந்தேன். அம்மா வெறுங்காலோடு குளிர்சாதனப் பெட்டியைத் திறப்பவர். பிள்ளைகள் ஈரக் கையோடு குசினிக்குள் ஓடி வருபவர்கள். அந்தப் பதினொரு நாட்களை இன்றைக்கும் என்னால் மனதிலிருந்து எடுக்க முடியவில்லை. தயவு செய்து யார் சொன்னாலும், எவ்வளவு அவசரம் என்றாலும், ட்ரிப் சுவிட்சைத் தவிர்த்து லைன் கொடுக்க விடாதீர்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

அம்மாவின் கோயில் தோழி ஒருவர், துறைமுகத்தில் மின்வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு ஐயாவைப் பற்றிச் சொன்னார். கார்த்திகை விளக்கீடு முடிந்த மறுநாள் மாலை ஆறு மணிக்கு அவர் வந்தார். நான் நேரம் சொல்லாமல் அவரே தெரிவு செய்த நேரம் அது. வந்தவுடன் முதல் வேலையாக மூன்றாவது ஆள் செய்ததைக் கழற்றி, குக்கர் லைனைப் பழையபடி ட்ரிப் சுவிட்சுக்குப் பின்னால் கொண்டுவந்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, “எப்போதெல்லாம் விழுந்தது மகள்?” என்று கேட்டார். முதல் நாளிலிருந்தே நான் நாட்காட்டியில் நேரம் குறித்து வைத்திருந்தேன். கேக் ஓடர்களைக் குறிக்கும் பழக்கத்தில் செய்தது, வேறு நோக்கம் எதுவும் இருக்கவில்லை. அதைக் கொண்டுவந்து கொடுத்தேன். மொத்தம் இருபத்துமூன்று தடவைகள். பத்தொன்பது, மாலை ஆறரைக்கும் இரவு பத்துக்கும் இடையில். மீதி நான்கும் பெருமழை நாட்களில், ஒவனோ அயன் பெட்டியோ போட்ட நேரத்தில். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு அதை இரண்டு முறை வாசித்தார். “இது லைவ் பழுது அல்ல, நியூட்ரல் எர்த்தில் முட்டுகிறது” என்றார். மீற்றரை அவர் இன்னும் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

அவர் விளக்கியதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். ட்ரிப் சுவிட்ச் லைவில் போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. வித்தியாசம் 30 மில்லி அம்பியர் வருவதற்குள் விழுந்துவிட வேண்டும். லைவ் எங்காவது கசிந்தால் பெரும்பாலும் எந்த நேரமும் விழும். நியூட்ரல், நிலத்துக்குள் இறங்கும் பாதுகாப்புக் கம்பியான எர்த்தைத் தொட்டால் அப்படி இல்லை. நியூட்ரலில் சாதாரணமாக ஒன்றிரண்டு வோல்ட்தான் இருக்கும். வீதி முழுவதும் மின்குமிழ், தொலைக்காட்சி, அயன் பெட்டி எல்லாம் ஓடும் மாலை நேரத்தில் அது கொஞ்சம் உயரும். நம் வீட்டிலேயே ஒவன் போன்ற பெரிய சுமையைப் போட்டாலும் உயரும். அந்தச் சிறிய வோல்ட், தொட்ட இடத்தின் வழியாக எர்த் கம்பிக்குள் இறங்கும். தாளில் எழுதிக் காட்டினார்: 2 வோல்ட், எர்த் பாதையின் தடை 150 ஓம் என்றால் 13 மில்லி அம்பியர், சுவிட்ச் பேசாமல் இருக்கும். மழை பெய்து அதே மண் நனைந்து தடை 60 ஓமுக்கு இறங்கினால் 33 மில்லி அம்பியர், விழுந்துவிடும். எங்கள் மணல் நிலம் மழையில்லாத கச்சான் காற்றுக் காலத்தில் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். மழைக்கும் எங்கள் கரைச்சலுக்கும் தொடர்பு இருந்தது உண்மை. ஆனால் நனைந்ததால் வினை செய்தது சுவர் அல்ல, வாசலில் எர்த் கம்பி இறங்கிய மண். பழுது அதற்கு முன்பிருந்தே சுவருக்குள் காத்திருந்தது.

இன்னொன்றும் சொன்னார், இதுதான் முதல் இருவரையும் ஏமாற்றியது. மின்சாரப் பெட்டியில் இருக்கும் சிறிய பிரேக்கர்கள் லைவை மட்டுமே வெட்டுகின்றன. குக்கர் பிரேக்கரை இறக்கி வைத்தாலும் அந்த லைனின் நியூட்ரல் மற்ற நியூட்ரல்களோடு சேர்ந்தே இருக்கிறது. அதனால்தான் குக்கரை அணைத்த பிறகும் அயன் பெட்டியைப் போட்டவுடன் விழுந்தது. “பிரேக்கரை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தேன், எல்லாம் சரி” என்று யாராவது சொன்னால், நியூட்ரலைக் கழற்றிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

மெயினை இறக்கி, பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டோர்ச் வெளிச்சத்தில் நியூட்ரல் பட்டியிலிருந்து வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் இடையே மெகர் என்ற கருவியால் அளந்தார். அது 500 வோல்ட் கொடுத்து வயரின் உறை தாங்குகிறதா என்று பார்க்கும் கருவி. ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் அந்த லைனை ஏற்றுக்கொள்ள முடியாது என்றார். மின்விளக்கு லைன்கள், பிளக் லைன்கள், மோட்டார் எல்லாம் நூற்றுக்கணக்கில் காட்டின. குக்கர் லைன் பூச்சியம். குசினிக்குப் போய் குக்கர் சுவிட்சின் பின்னால் இருந்த வயர்களையும் கழற்றினார். இப்போது இரண்டு முனைகளிலும் எதுவும் இணைந்திருக்கவில்லை. அப்போதும் பூச்சியம். “குக்கரும் நல்லது, சுவிட்சும் நல்லது, பழுது சுவருக்குள்” என்றார். 7,800 ரூபாய்க்கு மாட்டிய ஹீட்டர் கம்பியை நினைத்துக்கொண்டு நான் நின்றேன்.

சுவரை உடைக்க வேண்டி வருமோ என்று பயந்தேன். டைல்ஸ் ஒட்டிய சுவர். அவர் உடைக்கவில்லை. குக்கர் சுவிட்சுக்கு நேர் மேலே டோர்ச்சை அடித்தார். “இந்தத் தட்டு எப்போது போட்டது?” என்று கேட்டார். மசாலாப் போத்தல்கள் வைக்கும் தட்டு அது. இரண்டு இரும்புத் தாங்கிகள், தாங்கிக்கு மூன்று திருகாணிகள். ஆடி மாதம் தச்சு வேலை செய்யும் ஓடாவியார் வந்து அடித்தது. சொல்லி முடிப்பதற்குள் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது, ஏனென்றால் அன்றைக்கு அவர் துளையிடும்போதும் ட்ரிப் சுவிட்ச் ஒருமுறை விழுந்தது. துளையிடும் இயந்திரம் பழசு என்று அவர் சொன்னார், நான் சுவிட்சைத் தூக்கிவிட்டுத் தேநீர் ஊற்றப் போய்விட்டேன். தட்டை அந்த இடத்தில் அடிக்கச் சொன்னதும் நான்தான். கைக்கு எட்ட வேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டினேன். சுவிட்சுக்குப் போகும் வயர்க் குழாய் கூரைப் பக்கத்திலிருந்து நேராக அதே இடத்தில்தான் இறங்குகிறது என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

ஐயா மீற்றரைச் சத்தம் போடும் நிலையில் வைத்து, அதன் இரண்டு முனைகளையும் பெட்டியடியில் குக்கர் நியூட்ரலிலும் எர்த்திலும் பிடிக்கச் சொல்லி என் கையில் கொடுத்தார். விடாமல் கூவிக்கொண்டிருந்தது. அவர் குசினியில் போத்தல்களை இறக்கிவிட்டுத் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினார். இடது தாங்கி, மூன்றும் வந்துவிட்டன, சத்தம் நிற்கவில்லை. வலது தாங்கியின் மேல் திருகாணி, நிற்கவில்லை. நடுத் திருகாணியை இரண்டு சுற்றுச் சுற்றியிருப்பார், சத்தம் சட்டென்று அறுந்தது. “நின்றுவிட்டது ஐயா!” என்று கத்தினேன். அவர் அதே திருகாணியை அரைச் சுற்று உள்ளே விட்டார், மீண்டும் கூவியது. வெளியே எடுத்தார், அமைதி. ஐந்து வாரமாக என்னை அலைக்கழித்த அந்த இரும்பு என் சுண்டுவிரல் அளவுகூட இல்லை.

இப்போது அந்தப் பதினொரு நாட்களின் விடயம். அதே திருகாணி நியூட்ரலுக்குப் பதிலாக லைவையும் எர்த்தையும் தொட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்டேன். எர்த் பாதை 60 ஓம் என்றால் 230 வோல்ட்டில் போகக்கூடியது நான்கு அம்பியருக்கும் குறைவு என்றார். 32 அம்பியர் பிரேக்கர் அதை ஒரு கேத்தில் ஓடுகிறது என்று நினைத்துப் பேசாமல் இருக்கும். ட்ரிப் சுவிட்சும் குறுக்கே இல்லை. எர்த் இணைத்த குளிர்சாதனப் பெட்டி, குக்கர், மோட்டார் என எல்லாவற்றின் இரும்பு உடலிலும் மின்சாரம் ஏறி நிற்கும், யாராவது தொடும்வரை. எங்கள் வீட்டில் அந்தத் திருகாணி ஒரு விரல் அகலத்தில் விலகிப் போயிருக்கிறது. அன்றிரவு பிள்ளைகளை என் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டேன்.

திருகாணியை எடுத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. மெகரால் மறுபடியும் அளந்தபோது 0.2 மெகா ஓம்தான் வந்தது. உறை கிழிந்திருந்தது. மறுநாள் பழைய வயரின் முனையில் புது வயரைக் கட்டி அதே குழாய் வழியாக இழுத்தார். வெளியே வந்த பழைய வயரைக் காட்டினார். கறுப்பு உறை நகத்தால் கிள்ளியதுபோல் பிளந்து செம்பு தெரிந்தது, பக்கத்தில் பச்சை வயரும் சீவப்பட்டிருந்தது. துளை விழுந்த இடத்தில் குழாயைத் திறந்து அடைத்துப் பூசினார். கடைசியாகக் குக்கர் லைனை அளந்து காட்டி, ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானையும் அழுத்திக் காட்டினார். மாதம் ஒருமுறை அதை அழுத்தச் சொன்னார். அது சுவிட்சின் பொறி வேலை செய்கிறதா என்று மட்டும்தான் காட்டும், வயரிங் நல்லதா என்று காட்டாது என்பதையும் சொன்னார். வயரும் கூலியும் சேர்த்து 19,700 ரூபாய். அதற்கு முன் மூன்று பேருக்கும் பொருட்களுக்குமாக வீணாகக் கொடுத்தது 26,800. முதல் நாளே மெகர் வைத்திருக்கும் ஒருவர் வந்திருந்தால் ஒரு மாலையில் முடிந்திருக்கும்.

உங்கள் வீட்டில் இப்படி விழுந்தால் முதலில் செய்யக்கூடியது நேரத்தையும் மழையையும் எது ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதுவதுதான். அடுத்தது, கடந்த ஆறு மாதத்தில் சுவரில் எங்கே ஆணி அடித்தோம், எங்கே துளையிட்டோம் என்று வீட்டில் எல்லோரிடமும் கேட்பது. எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்க நான்காவது ஆள் வர வேண்டியிருந்தது. பெட்டியைத் திறக்கும் வேலையை நீங்கள் செய்ய வேண்டாம், ஆளைக் கூப்பிடும்போதே “உங்களிடம் மெகர் இருக்கிறதா?” என்று கேளுங்கள். இல்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரைக் கேளுங்கள். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், மேசனார் பூசுவதற்கு முந்தின நாள், ஒவ்வொரு சுவரையும் குழாய் தெரியும்படி தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். ஐந்து நிமிட வேலை. சுவிட்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலேயோ கீழேயோ அதே மட்டத்தில் பக்கவாட்டிலோ துளையிட விடாதீர்கள், வயர் போகும் வழி பெரும்பாலும் அதுதான்.

நத்தாருக்குப் பதினேழு கேக்குகள் கொடுத்தேன், அநேகமாக எல்லாம் மாலை நேரத்தில் சுட்டவை. அந்த அக்காவும் ஒன்று எடுத்தார். ஐயா சுவர்களை ஒவ்வொன்றாக அளந்து, குழாய்கள் எங்கே போகின்றன என்று கீறிக் கொடுத்த தாளைப் பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறேன். தை மாதம் கணவர் விடுமுறையில் வந்தபோது குசினியில் மணிக்கூடு ஒன்றை மாட்ட வேண்டும் என்று சுத்தியலை எடுத்தார். மகள் ஓடிப்போய் முதலில் அந்தத் தாளைப் பார்க்கச் சொன்னாள்.